இது தெளிவா, அது தெளிவா?

கண்ணாடிக் கடையின் உள்ளறையில் விளக்கை அணைத்துவிட்டு, அடுத்தவர் கண்ணுக்குள் எட்டிப் பார்ப்பதுதான் அவளுடைய வேலை. பதினோரு வருடமாக எட்டிப் பார்க்கிறாள், இன்னும் அலுக்கவில்லை. கைக்கருவியின் ஒளி கறுப்புப் பாவை வழியாக உள்ளே போனதும் அங்கே செம்மஞ்சள் நிறத்தில் ஓர் உலகம் விரியும். ஓர் ஓரத்தில் முழுநிலா மாதிரி வெளிறிய வட்டம். அந்த வட்டத்திலிருந்து கிளம்பி, கிளை பிரிந்து ஓடும் சிவப்பு ஆறுகள். இப்படி ஒன்றைத் தலைக்குள் சுமந்துகொண்டுதான் எதிரே இருப்பவர் பஸ் பிடித்து வந்திருக்கிறார் என்று நினைத்தால், ஒவ்வொரு முறையும் அவளுக்கு மூச்சு ஒரு கணம் நிற்கும். வந்தவரோ, "பவர் ஏறியிருக்கா?" என்று மட்டும் கேட்பார்.

பவர் பார்த்துச் சொல்பவள்தானே தவிர, அவள் டாக்டர் இல்லை. ஆனால் குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் 'கண்ணாடி டாக்டர்'. முதலில் திருத்திப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

அந்தக் குடியிருப்புக்கு அவள் வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. லிஃப்ட் மெக்கானிக் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தாள். அவளுக்கு முதல் கல்யாணம், அவருக்கு இரண்டாவது. அவருக்குப் பதினைந்து வயதில் ஒரு மகளும் பதினொரு வயதில் ஒரு மகனும். பிள்ளைகளின் அம்மா இறந்து ஐந்து வருடம்.

பிள்ளைகள் அவளுக்குப் புதியவர்கள் இல்லை. பெரியவளுக்கு முதல் கண்ணாடி மாட்டிவிட்டதே அவள்தான். அம்மா இறந்த வருடம் அது; அந்தப் பிள்ளைக்குப் பத்து வயது. கண்ணாடியை மாட்டியதும் எழுந்து கடை வாசலுக்குப் போய், எதிரே நின்ற மரத்தை அண்ணாந்து பார்த்தது. "இலையெல்லாம் தனித்தனியா இருக்கு" என்றது. முதல் கண்ணாடி போட்ட பிள்ளைகள் எல்லாரும் ஏதாவது சொல்வதுதான். ஆனால் இந்தப் பிள்ளை, இத்தனை நாள் சரியாகப் பார்க்காததற்கு மரத்திடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி பத்து நிமிடம் அங்கேயே நின்றது. அவளுக்கு அது மறக்கவே இல்லை.

அப்போதெல்லாம் பிள்ளைகள் இரண்டும் அவளை 'அக்கா' என்று கூப்பிட்டன. சிக்கல் கல்யாணத்துக்குப் பிறகுதான் வந்தது. அப்பாவின் மனைவியை அக்கா என்று எப்படிக் கூப்பிடுவது? 'அம்மா' கூடத்துச் சுவரில் படமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தை யாரும் கேட்கவில்லை, அவளும் ஆசைப்படவில்லை. 'சித்தின்னு கூப்பிடுங்க' என்று அத்தை ஒருத்தி சொல்லிக்கொடுத்துவிட்டு ஊருக்குப் போனாள். அது பெரியவளின் தொண்டையைத் தாண்டவில்லை. கடைசியில் இரண்டு பேரும் அவளை எதுவுமே கூப்பிடாமல் காலம் தள்ளப் பழகிக்கொண்டார்கள். உப்பு வேண்டுமென்றால் சின்னவன் அவள் கண்ணில் படும்படி வந்து நின்று செருமுவான். பெரியவள் ஓர் அடி தள்ளி நின்று இரண்டு தடவை இருமிவிட்டு, "இங்க பாருங்க" என்பாள்.

"வீட்டுல ரெண்டு பேருக்கும் ஒரே இருமலா இருக்கே, மருந்து வாங்கட்டுமா?" என்று லிஃப்ட்காரர் ஒருநாள் கேட்டார். தெரிந்துதான் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

சின்னவனுக்குக் கண் சோதித்த அன்று, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, தன் கண்ணுக்குள் என்ன இருந்தது என்று கேட்டான். அவள் உற்சாகமாகச் சொன்னாள். நிலாவையும் ஆறுகளையும் சொன்னாள். ஒரு கிரகத்தையே மேலிருந்து பார்க்கிற மாதிரி இருக்கும் என்றாள். பெரியவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"நீங்க கிரகம் பாத்திருக்கீங்களா?"

"நிஜத்துலயா? இல்ல, படத்துல பாத்ததுதான்."

"அப்புறம் எப்படி அது மாதிரின்னு சொல்றீங்க?"

எதிர்க்கட்சி வக்கீல் வந்தாச்சு என்று அப்பா முணுமுணுத்தார். அவள் சிரித்தாள். எல்லாருடைய கண்ணையும் பார்த்துக்கொண்டே இருந்தால் வானத்தை எப்போது பார்ப்பது என்று சொன்னாள். தட்டுகளைக் கழுவி அடுக்குவதற்குள் அந்தப் பேச்சை அவள் மறந்தும்போனாள்.

டிசம்பர் பிறந்தது.

அந்த வீட்டில் கிறிஸ்துமஸ் காலையில், ஆலயத்திலிருந்து வந்து பலகாரம் முடித்த கையோடு பரிசுகளைப் பிரிப்பார்கள். ஐந்து வருடமாக அப்பாதான் வாங்கினார். அவசரத்தில் வாங்கியது என்பது பார்த்தாலே தெரியும். போன வருடம் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி டார்ச் லைட். இந்த வருடம் அந்தப் பொறுப்பை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். உன்னை நான் சரியாகப் பார்த்திருக்கிறேன் என்று சொல்லும்படி ஒரு பொருளை அந்தக் கையில் வைத்துவிட்டால், வீட்டில் இருமல் நின்றுவிடும் என்று மனதார நம்பினாள். தப்பான பொருளை வைத்துவிட்டால், விருந்துக்கு வந்து தங்கிவிட்டவள் என்பது எல்லாருக்கும் உறுதியாகிவிடும்.

கடையில் லென்ஸை ஃபிரேமுக்குத் தக்கபடி வெட்டித் தேய்த்துக் கொடுப்பவரிடம் யோசனை கேட்டாள். கட்டிங் அண்ணன் என்று பெயர் அவருக்கு. வீட்டில் மூன்று பிள்ளைகள், மூன்றும் பத்துக்கும் பதினேழுக்கும் நடுவில். மெஷினை நிறுத்தாமலே பதில் சொன்னார்.

"பத்து வயசு வரைக்கும் எதக் குடுத்தாலும் குதிக்கும். இருபதுக்கு மேல எதக் குடுத்தாலும் தேங்க்ஸ் சொல்லும். நடுவுல இருக்கறதுங்களுக்கு நீ சூரியனையே பார்சல் கட்டிக் குடு தங்கச்சி, 'ஓ, சூரியனா'ன்னுதான் கேக்கும்."

"அப்ப என்னதான் வழி அண்ணே?"

"வாயத் தொறந்து கேளு."

வாயைத் திறந்து, என்ன வேண்டும் என்று கேட்டால் எதுவும் வேண்டாம் என்பார்கள். அது அவளுக்குத் தெரியும். கண் சோதனையிலும் அதே கதைதான். என்ன தெரிகிறது என்று கேட்டால் ஆள் திருதிருவென்று விழிப்பார். அதனால்தான் இரண்டு லென்ஸை மாற்றி மாற்றி வைத்து, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்கிறார்கள். இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட யாராலும் முடியும். அப்படியே படிப்படியாகப் போனால் கடைசியில் பவர் தானாக வந்து நிற்கும். இத்தனை பேரின் பார்வையைக் கண்டுபிடித்த வித்தை, இரண்டு பிள்ளைகளின் ஆசையைக் கண்டுபிடிக்காதா?

கடைகளின் விளம்பரப் புத்தகங்களைக் கூடத்து மேசையில் சாதாரணமாகப் பரப்பினாள். பரிசு என்ற வார்த்தையை எடுக்கவே இல்லை. துணி மடிக்கும்போது, பல் தேய்க்கப் போகும்போது, இரண்டு படங்களை விரலால் தொட்டு, சும்மா கேட்கிற மாதிரி, "இது நல்லாயிருக்கா, அது நல்லாயிருக்கா?" என்றாள். பதில்களை மருந்துச் சீட்டு எழுதுகிற மாதிரி கடை அட்டையில் குறித்துக்கொண்டாள்.

முதல் வாரம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. சின்னவனுக்குப் பந்தைவிடப் பட்டை வைத்த ஷூ பிடித்தது. பெரியவளுக்குப் பையைவிட மேசை விளக்கு. இரண்டாவது வாரத்தில் குழப்பம் ஆரம்பித்தது. சின்னவன் அவள் காட்டிய இரண்டு படத்தையும் விட்டுவிட்டு, பக்கத்தின் மூலையில் இருந்த ஒன்றின் மேல் விரலை வைத்தான். மூன்று கால் வைத்த கேமரா ஸ்டாண்ட்.

கேமராவே இல்லையே என்றாள். பரவாயில்லை என்றான்.

பெரியவள் அதற்கு மேல். எழுதுபொருள் பக்கத்தில் இருந்த பூதக்கண்ணாடியைக் கேட்டாள். தபால்தலை சேர்ப்பவர்கள் கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்ப்பார்களே, அது. "எத்தன மடங்குன்னு போட்டிருக்கா?" என்றுகூட விசாரித்தாள். அந்தப் பெண் தபால்தலை சேர்ப்பதை யாரும் பார்த்ததில்லை. இந்த வயதில் தபால் எழுதுபவர்களையே அவள் பார்த்திருக்க மாட்டாள்.

அவளுக்குச் சந்தேகம் தட்டியது. தொழில் சந்தேகம். கண்ணாடி போட ஆசைப்பட்டு, தெரியவில்லை தெரியவில்லை என்று நடிக்கும் பிள்ளைகள் வாரத்துக்கு ஒன்றாவது கடைக்கு வரும். அவர்களைப் பிடிக்க ஒரு வழி உண்டு. பவரே இல்லாத வெறும் கண்ணாடியை வைத்து, இப்போது எப்படி என்று கேட்க வேண்டும். இப்போது சூப்பராகத் தெரிகிறது என்று சொன்னால் ஆள் அகப்பட்டார். பதிலும் கண்ணும் ஒத்துவராத இடத்தில் வாய்ச் சொல்லை நம்பாதே, கருவியை நம்பு என்பது அவள் படித்த பாடம். நடிக்கிற பிள்ளைகளைப் பிடிப்பதில் அந்த வட்டாரத்திலேயே அவளுக்குப் பெயர் இருந்தது.

வீட்டிலும் ஒரு வெறும் கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். சின்னவன் ஒரு வருடமாகச் சைக்கிள் சைக்கிள் என்று அப்பாவை அரித்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நீல நிறத்தில் அது நின்றது. மழை பெய்தாலும் அங்கே ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போவான். அந்தச் சைக்கிளின் படத்தையும் ஸ்டாண்டின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"இதா, அதா?"

அவன் சைக்கிளைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். எச்சிலை விழுங்கினான். தன் அக்கா இருந்த அறையின் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "ஸ்டாண்ட்" என்றான்.

அகப்பட்டுக்கொண்டான் என்று நினைத்தாள்.

பெரியவளின் ஹெட்ஃபோன் காதருகே உடைந்து, கறுப்பு டேப்பால் கட்டுப்போட்டுக் கிடந்தது. புது ஹெட்ஃபோனையும் பூதக்கண்ணாடியையும் சேர்த்துக் காட்டியபோது, அந்தப் பெண் படத்தைப் பார்க்கக்கூட இல்லை. "பூதக்கண்ணாடி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். உள்ளே போனதும் இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசுவது கேட்டது. அப்புறம் சிரிப்பு.

அந்தச் சிரிப்பு அவளைச் சுட்டது. இது என்ன விளையாட்டு என்று தெரிந்துகொண்டு, வாய்க்கு வந்ததைச் சொல்லி அவளை அலையவிடுகிறார்கள். வேறென்ன? மறுநாள் கட்டிங் அண்ணனிடம் சொல்லிக் குறைப்பட்டாள். அவர் மெஷினை நிறுத்தினார். அது அவர் செய்யாத காரியம். வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"சொன்னதயே வாங்கிக் குடுத்துடு தங்கச்சி. புள்ளைங்க சொன்னா ஏதாவது அர்த்தம் இருக்கும்."

அவள் கேட்கவில்லை. பதினோரு வருட அனுபவத்தை நம்பினாள்.

பரிசு வாங்கப் போன கடையில் ஒரு தளம் முழுக்கப் 'பத்து முதல் பதினேழு வயது வரை' என்று பலகை தொங்கியது. அங்கே பெற்றோர்கள், பரீட்சைத் தாளை வெறித்துப் பார்க்கும் மாணவர்கள் மாதிரி, அலமாரிகளுக்கு முன்னால் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்கள். கையில் என்னவோ ஒரு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பெரியவர் ஒருவர், இது எதற்கு உபயோகம் என்று தெரியுமா என்று அவளைக் கேட்டார். தெரியாது என்றாள். எனக்கும் தெரியாது, ஆனால் என் பேத்திக்குத் தெரிந்திருக்கும் என்று சொல்லி அதை வாங்கிக்கொண்டு போனார். அவரைப் பார்த்து அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

நீலச் சைக்கிளையும் வெள்ளை ஹெட்ஃபோனையும் வாங்கினாள். சைக்கிளை லிஃப்ட்காரர் மொட்டைமாடியில் லிஃப்டின் மோட்டார் அறைக்குள் ஒளித்துவைத்தார். அந்த அறையின் சாவி அவரிடம் மட்டும்தான் இருந்தது.

கிறிஸ்துமஸ் அன்று காலை, கண்ணை மூடச் சொல்லிச் சைக்கிளைக் கூடத்துக்குள் உருட்டிவந்தார். சின்னவன் கண்ணைத் திறந்தான். அந்த முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஒரு வெளிச்சம் வந்தது. பாய்ந்து வந்து சீட்டைத் தொட்டான், மணியைத் தொட்டான். பிறகு கையை எடுத்துவிட்டான். மெல்லத் திரும்பி அக்காவைப் பார்த்தான். வெளிச்சம் அணைந்தது.

பெரியவள் ஹெட்ஃபோன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். "ரொம்ப நல்லாயிருக்கு, தேங்க்ஸ்" என்றாள். பெட்டிக்கு அடியில், காகிதத்துக்கு அடியில், வேறு ஏதாவது இருக்கிறதா என்று அவள் விரல்கள் ஒருமுறை துழாவிப் பார்த்தன.

"என்னடா, ஒரு வருஷமா உயிர எடுத்தியே, ஏறி உக்காரு" என்றார் அப்பா.

சின்னவன் உதட்டைக் கடித்தான். ஏறி உட்காரவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு அக்காவிடம்தான் பேசினான்.

"நான் ஸ்டாண்டுன்னுதான் சொன்னேன். சத்தியமா. சைக்கிளா ஸ்டாண்டான்னு கேட்டப்பகூட ஸ்டாண்டுன்னுதான் சொன்னேன்."

"தெரியும்டா. விடு" என்றாள் பெரியவள்.

"இப்ப எப்படிக் குடுக்கறது? ஆடிக்கிட்டே இருக்குமே."

என்ன கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது, எது ஆடும் என்று அப்பா ஒவ்வொன்றாகக் கேட்டார். பெரியவள்தான் கடைசியில் எழுந்து, "வாங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினாள். எல்லாரும் பின்னால் போனார்கள்.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பழைய சாக்கால் மூடி, ஒரு நீளக் குழாய் கிடந்தது. துணிக்கடையில் துணி சுற்றிவரும் அட்டைக் குழாய். ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். உள்பக்கம் கறுப்பு மை பூசியிருந்தது. முன்பக்கத்தில் ஒரு லென்ஸ். அதற்கு முன்னால் நடுவில் ஓட்டை போட்ட ஓர் அட்டை வட்டம். அந்த லென்ஸை அவள் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பாள். ப்ளஸ் ஒன்று. ஓரத்தில் கீறல் விழுந்ததால் வேண்டாம் என்று அவள் ஒதுக்கிப்போட்டது. இதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்த கட்டிங் அண்ணன் அன்றைக்கு மெஷினை நிறுத்தியது எதற்கு என்று அப்போது புரிந்தது.

பின்பக்கத்தில், உள்ளே தள்ளவும் வெளியே இழுக்கவும் ஒரு சிறுகுழாய்; அதன் முனையில் சின்னவனின் பள்ளிக்கூடப் பெட்டியிலிருந்த பிளாஸ்டிக் பூதக்கண்ணாடியை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள்.

"டெலஸ்கோப்" என்றான் சின்னவன், யாராவது தப்பாக நினைத்துவிடப்போகிறார்களே என்று.

பெரியவள் கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்து, மளமளவென்று சொல்லிமுடித்தாள். "நெஜக் கிரகம் பாத்ததில்லன்னு அன்னைக்கு நீங்க சொன்னீங்களே, அதுக்காகச் செஞ்சது." இரண்டு மாதம் ஆயிற்று. வியாழன் இப்போது சாயந்தரமே மேலே வந்துவிடுகிறது. ஆனால் கையில் பிடித்தால் குழாய் ஆடுகிறது, எதுவும் நிற்பதில்லை. ஒரே ஒரு தடவை, ஒரு நொடி, பக்கத்தில் அதன் நிலாக்கள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. அப்புறம் போய்விட்டன. ஸ்டாண்டும் நல்ல பூதக்கண்ணாடியும் கிடைத்தால் இன்றைக்கே கட்டி, இன்றைக்கே காட்டிவிடலாம் என்று இருந்தார்கள். "நீங்க எப்படியும் கேட்டதத்தான் வாங்குவீங்கன்னு நெனச்சோம்" என்றாள்.

கூடத்து மேசையில் சைக்கிளின் படத்தைப் பார்த்துக்கொண்டு அந்தப் பையன் எச்சில் விழுங்கியது அவள் கண் முன்னால் வந்து நின்றது. ஒரு வருடத்து ஆசையை விழுங்கியிருக்கிறான். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே, அகப்பட்டுக்கொண்டான் என்று அட்டையில் குறித்தவள் அவள். நடிக்கிற பிள்ளைகளைப் பிடிப்பதில் பெயர் எடுத்தவள்.

குழாயின் நடுவில் ஒரு வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தது. பரிசு யாருக்கு என்று எழுதும் சீட்டு. அதில் 'அக்காவுக்கு' என்று எழுதி அடித்திருந்தது. அதற்குக் கீழே சின்னவனின் கோணல் எழுத்தில் 'ஆன்ட்டிக்கு', அதையும் அடித்திருந்தது. மூன்றாவதாக எழுதியதை யாரும் படிக்க முடியாதபடி கட்டம் கட்டமாக மை போட்டு மூடியிருந்தது. மங்கல் எழுத்தைப் படிப்பது அவள் தொழில். ஆனால் குனிந்து உற்றுப் பார்க்க மனம் வரவில்லை. கடைசியாக 'உங்களுக்கு' என்று மட்டும் இருந்தது. இத்தனை நாள் கூப்பிட ஒரு வார்த்தை இல்லையே என்று தான் மட்டும் தவித்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தாள். அதற்கான தேடல் இந்தத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலும் நடந்திருக்கிறது.

"தப்பு என் மேலதான்" என்றாள். "நீங்க ரெண்டு பேரும் சரியாதான் சொன்னீங்க. நான்தான் நம்பல."

இன்றைக்கு எந்தக் கடையும் திறந்திருக்காது என்று பெரியவள் மெதுவாகச் சொன்னாள்.

அவள் கீழே ஓடினாள். கட்டிலுக்கு அடியில், பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த டிரங்குப் பெட்டிக்குள், படித்த காலத்தில் வாங்கிய சோதனை லென்ஸ் பெட்டி இருந்தது. கைப்பிடி வைத்த வட்ட லென்ஸ்கள் அதில் பவர் வாரியாக வரிசையில் நிற்கும். தூக்கிக்கொண்டு மேலே வந்து, கடைசிக் குழியிலிருந்து, பூதக்கண்ணாடிக்குப் பதிலாக, ப்ளஸ் இருபதை எடுத்துப் பெரியவளின் கையில் வைத்தாள். அந்தப் பெண் அதை வெளிச்சத்தில் பிடித்து, அதன் பருத்த வயிற்றைப் பார்த்து, "அம்மாடி" என்றாள்.

"ஸ்டாண்டு?" என்றார் அப்பா.

ஏணியை வைத்துப் பார்த்தார்கள். நாற்காலிகளை அடுக்கிப் பார்த்தார்கள். எதன் மேல் வைத்தாலும், உயர்த்தவும் தாழ்த்தவும் வேண்டும், உயர்த்திய இடத்தில் நிற்கவும் வேண்டும். மத்தியானம் முழுக்க இந்தப் போராட்டம் நடந்தது. சாப்பாடு ஆறிப்போனது. கடைசியில் சின்னவன் தலையைச் சொறிந்துகொண்டே கேட்டான்.

"சைக்கிளக் கவுத்துப் போட்டா?"

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

"சீட்டும் ஹேண்டில்பாரும் தரையில நிக்கும். பின்சக்கரத்து மேல குழாயக் கட்டிட்டா, சக்கரத்தச் சுத்தினா மேல கீழ போகும்ல?"

லிஃப்ட்காரர் மகனை ஏற இறங்கப் பார்த்தார். இருபது வருடமாக ஆட்களை மேலே தூக்கி, நடுவில் நிறுத்திவைப்பதே அவர் வேலை. "பிரேக் பிடிச்சா அங்கயே நிக்கும்" என்றார் மரியாதையோடு. "லிஃப்ட்டும் இப்படித்தாண்டா நிக்குது."

புதுச் சைக்கிள். கம்பிகளில் சுற்றிய பிளாஸ்டிக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அவன் ஒரு தடவைகூட ஏறி உட்காரவில்லை. அதைக் கூடத்திலிருந்து மேலே ஏற்றியதும் அவனே தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டான். அப்பா டயரின் உச்சியில் குழாயைக் கிடத்தி, சக்கரக் கம்பிகளுக்குள் துணிப்பட்டையை விட்டு இறுக்கிக் கட்டினார்.

சூரியன் போனது. எதிர்க் கட்டிடத்தின் ஜன்னல்களில் ஒவ்வொன்றாக விளக்கு எரிந்தது. கிழக்கே, டிவி ஆன்டெனாக்களுக்கு மேலே, கண் சிமிட்டாத ஒரு வெளிச்சப் பொட்டு தெரிந்தது. அதுதான் என்றாள் பெரியவள். அப்பாவும் மகளும் சைக்கிளை ஆளுக்கொரு பக்கம் தூக்கித் திருப்பி வைத்தார்கள். தலைகீழ்ச் சைக்கிளில் பிரேக் தரைக்குப் பக்கத்தில் இருந்ததால் சின்னவன் குப்புறப் படுத்துக்கொண்டு அதைப் பிடித்தான். பெரியவள் சக்கரத்தை நூலளவு நகர்த்தி, எட்டிப் பார்த்து, மறுபடி நகர்த்தி, திடீரென்று அசையாமல் நின்றாள். பிறகு விலகி வழிவிட்டாள்.

"நீங்க பாருங்க. மொதல்ல நீங்கதான்."

அவள் குனிந்தாள். கலங்கலாக ஒரு வெளிச்சம் மட்டும் தெரிந்தது. பெரியவள் லென்ஸ் பொருத்திய சிறுகுழாயைப் பக்கத்திலிருந்து மெல்ல உள்ளே தள்ளினாள்.

"இது தெளிவா?" இன்னும் கொஞ்சம் தள்ளினாள். "இல்ல, இது தெளிவா?"

பதினோரு வருடமாகத் தான் கேட்ட கேள்வியை இன்னொருவர் தன்னிடம் கேட்பது அவளுக்கு அதுதான் முதல் முறை. எவ்வளவு பொறுமை வேண்டும் அதைக் கேட்க என்று நினைத்துக்கொண்டாள்.

"இப்ப காட்டினது" என்றாள். "இன்னும் கொஞ்சம். இன்னும். நிறுத்து."

அந்த வெளிச்சம் சுருங்கித் திரண்டு ஒரு சின்ன வட்டம் ஆயிற்று. பொட்டு இல்லை, விளக்கு இல்லை. விளிம்பு உள்ள ஒரு வட்டம். வெண்ணெய் நிறம், ஓரத்தில் ஊதா இழை. அதன் இரண்டு பக்கமும், ஒரே கோட்டில், ஊசி முனையால் குத்தின மாதிரி ஒளித்துளிகள். ஒரு பக்கம் மூன்று. மறுபக்கம் ஒன்று. யாரும் படம் போட்டுக் காட்டவில்லை. ஓர் அட்டைக் குழாயும், அவள் வேண்டாமென்று எறிந்த கண்ணாடியும், பழைய பெட்டியில் கிடந்த இன்னொன்றும் தவிர நடுவில் எதுவும் இல்லை. அது அங்கே இருந்தது. அவள் பிறப்பதற்கு முன்பிருந்து, கண் என்று ஒன்று உண்டாவதற்கு முன்பிருந்தே, தன் பிள்ளைகளைச் சுற்றி நிறுத்திக்கொண்டு அங்கேயே இருந்திருக்கிறது. அன்றைக்குக் கடை வாசலில் பத்து வயதுப் பிள்ளை மரத்தின் முன்னால் ஏன் அப்படி நின்றது என்று விளங்கிற்று.

"எத்தன தெரியுது?" தரையிலிருந்து சின்னவனின் குரல்.

"நாலு."

"நாலா? நெஜமா நாலுமா?"

"நாலும் நிக்குது. ஆடவே இல்ல."

அவன் தரையில் கிடந்தபடியே சிரிப்பது கேட்டது. வட்டம் மெதுவாக ஓரத்தை நோக்கி நழுவியது.

"நகருதே" என்றாள் பயந்துபோய்.

"அது நகரல. பூமி சுத்துதில்ல, நாமதான் நகர்றோம்."

நாம் என்றால் எல்லாரும். தண்ணீர்த் தொட்டி, மோட்டார் அறை, கவிழ்ந்த சைக்கிள், பிரேக்கைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கும் பையன், துணிப்பட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கும் அவன் அப்பா, எல்லாரையும் சுமந்துகொண்டு இந்த மொட்டைமாடி இருட்டுக்குள் உருண்டுகொண்டிருந்தது. அவள் கால்விரல்கள் தானாகத் தரையை அழுத்திப் பிடித்தன.

"தலைய ஆட்டாதீங்க சித்தி" என்றாள் பெரியவள், முழுக் கவனமும் சக்கரத்தின் மேல் வைத்து. "நான் மெதுவா திருப்பறேன். இருங்க."

இருமல் இல்லை, செருமல் இல்லை. சொன்னவளுக்கே தெரிந்திருக்குமோ என்னவோ. திரும்பி அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. திரும்பினால் குழாய் ஆடும். அவள் திரும்பவில்லை. லிஃப்ட்காரர் மட்டும் இருட்டில் எதையோ காணோம் என்று தேடுகிறவர் மாதிரி அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி மூக்கை உறிஞ்சினார்.

வட்டம் நடுவுக்கு வந்து நின்றது.

"இப்ப தெளிவா?"

வியாழன் ஐந்தாறாக உடைந்து மிதந்தது. கண்ணில் தண்ணீர் கோத்தால் அப்படித்தான் தெரியும். அதற்கு எந்த லென்ஸும் கிடையாது.

"ஒரு நிமிஷம் இரு" என்றாள். "டேய், நீ பிரேக்க விட்டுடாத."

முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு மறுபடி குனிந்தாள்.